"விசர்" என்னும் சொல்லும் காதல் பற்றிய சமூக மதிப்பீடும்

1

யாழ்ப்பாணத் தமிழில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் "விசர்" என்பதும் ஒன்று. பைத்தியம் என்பதே அதன் நேர்ப்பொருள். எனினும் சித்தம் கலங்கியோரைச் சுட்டுவதற்கு மாத்திரம் இச்சொல் பயன்படுவதில்லை. பொருந்தாத பேச்சு "விசர்க் கதை" எனப்படும். வெறிநோய் கொண்ட நாய் "விசர் நாய்" எனப்படும். இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணிடத்துக் கொண்ட விருப்பம் வீட்டாரின் கணக்கிற்கு மாறாக அமையுமிடத்து, "அவனுக்கு அவளிலை விசர்" என்று ஊர் கூறும். இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொள்வது இறுதியிற் கூறிய பொருளையே. அறிவிழந்த காதல், மிகையுணர்ச்சிக் காதல் என்று ஏட்டு வழக்கிற் கூறப்படுவதற்கு நேரான பேச்சு வழக்குச் சொல்லாக இது அமைந்துள்ளது.

பேச்சு வழக்குச் சொல் ஒன்றை ஆய்வுப்பொருளாகக் கொள்வதற்கு விளக்கம் வேண்டிய காலமொன்று இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்தில், பேச்சுத் தமிழைப் படைப்பிலக்கியத்திற் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்கள் "இழிசனர் வழக்கு" என்று பண்டிதர் சிலரால் ஒதுக்கப்பட்டன. ஆயின் அதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னரே, 1940 இல், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் தமது "நானாடகம்" தொகுதியிலே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழுக்கு நாடக மேடையில் இடமளித்திருந்தார். அவ்விவாதத்தின் முடிவு எல்லோரும் அறிந்ததே. பேச்சு வழக்கு இன்று இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் பேச்சு வழக்கினுள்ளே உறைந்து கிடக்கும் சமூக மதிப்பீடுகளை நாம் போதிய அளவு ஆராய்ந்துள்ளோமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. மக்கள் மொழி என்பதனாலேயே ஒரு சொல் மக்கள் சார்பானதாக ஆகிவிடுவதில்லை. சோவியத் மொழியியலாளர் வொலோஷினொவ் 1929 இல் வெளியிட்ட மார்க்சியமும் மொழித் தத்துவமும் பற்றிய நூலில், சொல் என்பது வர்க்கப் போராட்டம் நிகழும் களமாகும் என்ற கருத்தை முன்வைத்தார். ஒரே சொல்லை வெவ்வேறு வர்க்கங்கள் வெவ்வேறு அழுத்தத்துடன் கையாளுகின்றன. ஆளும் வர்க்கமோ அச்சொல்லுக்கு ஒரே நிலையான பொருள்தான் உண்டென்று காட்ட விழைகின்றது. "விசர்" என்னும் சொல்லை இந்நோக்கிலேயே நாம் அணுகுகின்றோம்.

2

முதற்கண் இச்சொல்லின் வழக்காற்றினை நோக்குவோம். "விசர் பிடித்தல்", "விசராதல்", "விசராக்குதல்" என வினைகளுடன் இது சேர்ந்து வரும். ஆண்பாலில் "விசரன்" எனவும் பெண்பாலில் "விசரி" எனவும் பெயராகும். "பிடித்தல்" என்னும் வினை இங்கு கவனிக்கத்தக்கது. பேய் பிடித்தல், சனி பிடித்தல், நோய் பிடித்தல் என்பனவற்றோடு விசர் பிடித்தலும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றது. காதல் கொண்டவன் தானாக எதனையும் தெரிவு செய்தான் என்பதை இவ்வழக்கு ஒப்புக்கொள்வதில்லை. வெளியிலிருந்து வந்த ஏதோவொன்று அவனைப் பற்றிக்கொண்டது. தக்க மருந்தோ தக்க இடத்துக் கலியாணமோ வாய்த்தால் அது நீங்கிவிடும் என்பதே உட்கருத்து. இவ்வாறு தெரிவு நோயாக மாற்றப்படும்பொழுது, அதற்குரிய காரணங்களைக் கேட்கும் கடமையும் கேட்போரை விட்டு நீங்கிவிடுகின்றது.

இதனோடு ஒப்பிடத்தக்கது தமிழ் பேசும் இடமெங்கும் வழங்கும் "காதல் கீதல்" என்னும் எதிரொலித் தொடர். "கி" அல்லது "கீ" என்னும் அசையுடன் தொடங்கும் இத்தகைய இரட்டிப்பு பெரும்பாலும் "அது போன்றவை" என்னும் பொருளைத் தருவது. "புத்தகம் கித்தகம்" என்னும்போது அதில் இகழ்ச்சி இருந்தாக வேண்டுமென்பதில்லை. ஆனால் "காதல் கீதல் எண்டு திரியாதை" என்று தாயொருத்தி கூறும்போது, பெயர் பெறத் தகுதியற்ற சில்லறை விடயங்களோடு காதலும் சேர்த்து எண்ணப்படுகின்றது. "விசர்" காதலை நோயாக்குகின்றது. "கீதல்" அதனைச் சில்லறையாக்குகின்றது.

இச்சொல் யாரால் யாரை நோக்கிக் கூறப்படுகின்றது என்பது அடுத்த வினா. பெரும்பாலும் மூத்தோர் இளையோரை நோக்கியும், திருமணம் முடித்தோர் முடிக்காதோரை நோக்கியும், உடைமை உள்ளோர் அதனை இழக்கக்கூடியோரை நோக்கியும் கூறுவர். பால்வேறுபாடும் உண்டு. ஆணின் விசர் ஒரு பருவத்தின் விளைவு என மன்னிக்கப்படும். கால்கட்டு விழுந்தால் தெளிந்துவிடும் என்று ஆறுதல் கூறப்படும். பெண்ணைப் பொறுத்தவரை அச்சலுகை அரிது. அவள் விசரி என்பதோடு நிறுத்தப்படாமல் "ஓடினவள்" என்ற பெயரையும் பெறுவாள். ஆணின் பிழை அறிவைச் சார்ந்ததாகவும் பெண்ணின் பிழை ஒழுக்கத்தைச் சார்ந்ததாகவும் வகுக்கப்பட்டிருப்பதை இங்கு அவதானிக்கலாம்.

எது விசர் எனப்படுகின்றது என்பதைப் போலவே எது விசர் எனப்படுவதில்லை என்பதும் பொருளுடையது. கண்டறியாத ஒருவரைக் காணி, வீடு, நகை, ரொக்கம் ஆகியவற்றின் தொகையையும் சாதகப் பொருத்தத்தையும் மாத்திரம் நோக்கி மணம் செய்பவனை எவரும் விசரன் என்று கூறுவதில்லை. அவன் "கெட்டிக்காரன்", அவன் செய்தது "புத்தியான காரியம்". ஆகவே விசர் என்னும் சொல்லின் எதிர்ச்சொல் தெளிவு அன்று. கணக்கே அதன் எதிர்ச்சொல் ஆகும்.

3

காதலை நோயெனக் காணும் இம்மதிப்பீடு யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதன்று, அண்மையில் தோன்றியதுமன்று. பழந்தமிழ் அகத்திணை மரபை இந்நோக்கில் மீண்டும் படிப்பது பயனுடையது.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு என்னும் துறையை எடுத்துக்கொள்வோம். களவொழுக்கத்தில் ஈடுபட்ட தலைவி மெலிகின்றாள். காரணம் அறியாத தாய், முருகன் அணங்கினான் என எண்ணி வேலனை அழைத்து வெறியாடச் செய்கின்றாள். ஐங்குறுநூற்றிலே கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் வெறிப்பத்து என ஒரு பத்தே இதற்கென அமைந்துள்ளது. மகளின் காதலைக் குடும்பம் நோய் என்று கண்டுகொள்ளும் நிகழ்ச்சி இது. யாழ்ப்பாணத்துத் தாய் "பிள்ளைக்கு ஆரோ என்னவோ செய்துபோட்டினம்" என்று நூல் கட்டுவிக்க முற்படுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஆனால் அப்பாடல்கள் யார் பக்கம் நிற்கின்றன? தலைவியும் தோழியும் உண்மையை அறிவர். கேட்போராகிய நாமும் அறிவோம். தாயும் வேலனுமே அறியாதோர். நகைப்பிற்கு இடமாவது காதலன்று, அதற்குக் கூறப்பட்ட நோய்க்காரணமே. "விசர்" என்னும் இன்றைய வழக்கோ தாயின் நோய்க்காரணத்தை ஊர் முழுவதற்கும் பொதுவான அறிவாக ஆக்கிவிட்டது.

இதனைக் கொண்டு சங்க இலக்கியத்தைக் கட்டற்ற காதலின் பொற்காலமாகக் காட்ட முற்படுவது பொருந்தாது. இலக்கணத்தை நோக்கின் வேறொரு சித்திரம் தோன்றும். தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே கைக்கிளை, பெருந்திணை என இரண்டினை வைக்கின்றது. பெருந்திணைக்கு உரியனவாகக் கூறப்படும் நான்கு குறிப்புகள் மடலேறுதல், இளமை கடந்த காமம், தெளிவிழந்த காமம், மிகுந்த காமத்தின் வன்மை என்பன. "விசர்" என்று இன்று நாம் கூறுவதன் இலக்கண வகைப்பாடு இதுவென்பதில் ஐயமில்லை. இவ்வகைப்பாட்டில் இரு செய்திகள் நம் கவனத்திற்குரியன.

முதலாவது மடல் பற்றியது. பனைமடலாற் செய்த குதிரையில் ஏறித் தன் காதலை ஊரறியச் செய்தல் மடலேறுதல். மடலேறுவேன் என்று தலைவன் கூறுதல் களவொழுக்கத்தின் ஒரு பகுதியாகத் தொல்காப்பியராலேயே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவர் பலர் அவ்வாறு கூறுகின்றனர். மடல் பாடியமையாற் பெயர் பெற்ற மாதங்கீரனார் என்னும் புலவரும் உளர். ஆனால் ஏறப்பட்ட மடல் பெருந்திணையாகின்றது. கூறுதல் அன்பின்பாற்படும், செய்தல் மிகையின்பாற்படும். காதலைச் சொல்லாக அனுமதித்துச் செயலாக விலக்கும் இந்த இரட்டை நிலை நமது ஆய்வின் மையமாகும். பெண்ணுக்கோ சொல்லவும் அனுமதியில்லை. பெண்டிர் மடலேறுதல் மரபன்று என்பதே விதி. அவ்விதியை மீறிப் பெண்குரலில் மடல் பாடிய திருமங்கையாழ்வாரின் பெரிய திருமடலும் சிறிய திருமடலும் இறைவனை நோக்கியவையாதலின் ஏற்கப்பட்டன.

இரண்டாவது செய்தி இதனினும் முக்கியமானது. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தேயுள்ள ஒழுக்கங்களிற் பாட்டுடையோராதற்குத் தடையில்லை என்று தொல்காப்பியம் கூறும். பிறர்க்குக் குற்றேவல் செய்வோர் அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல் அரிது எனவும், அவர்கள் நாணத்திற் குறைபாடுடையர் எனவும் உரையாசிரியர் இளம்பூரணர் இதற்குக் காரணம் காட்டுவர். ஏவலுக்கு உட்பட்டவனின் காதலே கட்டற்றது, நாணமற்றது, அறிவற்றது எனக் கொள்ளப்பட்டமைக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. அளவான காதல் ஓய்வும் உடைமையும் உள்ளோர்க்கு உரியது. அளவிறந்த காதல் உழைப்போர்க்கு உரியது. உணர்ச்சியின் அளவை அளக்கும் கோல் தொடக்கத்திலிருந்தே வர்க்கத்தின் கையிலேயே இருந்துள்ளது.

அகமரபில் உடன்போக்கு போற்றப்பட்டதே என ஒருவர் வினவலாம். உண்மையே. தலைவனுடன் சென்ற தலைவியைப் பாலைத்திணைப் பாடல்கள் பரிவோடு பாடின. ஆனால் அகத்தலைமக்கள் பெயர் சுட்டப்படாதோர். பெயரில்லாத தலைவியின் உடன்போக்கினால் எவருடைய காணியும் கைமாறுவதில்லை. பெயரும் சாதியும் உறுதிப் பத்திரமும் உள்ள மகளொருத்தி அதனையே செய்யும்பொழுது, உடன்போக்கு "ஓடிப்போதல்" ஆகிவிடுகின்றது. நமது வகுப்பறைகளில் முன்னதைப் பாடமாகப் படிப்பிக்கும் ஆசிரியரே மாலையில் வீடு சென்று பின்னதைப் பழிக்கும் நிலை இதனாலேயே தோன்றுகின்றது.

பக்தி இலக்கியம் இம்முரண்பாட்டிற்கு வேறொரு தீர்வு கண்டது. இறைவனைப் பித்தன் என்றழைக்கவும், அடியவர் தாமே பித்தராகவும் அது இடமளித்தது. பித்து இங்கு இழிவன்று; உயர்ந்த நிலை. கோயில் வீதியிற் கண்ணீர் மல்கி நிற்பவரை யாழ்ப்பாணத்தில் எவரும் விசரன் என்று கூறுவதில்லை. இறைவனைக் காதலிப்பவன் சீதனத்தைக் கெடுப்பதில்லை என்பதும் இதற்கொரு காரணமாகும்.

4

யாழ்ப்பாணத்தில் இம்மதிப்பீடு பெற்ற குறிப்பான வடிவத்தை விளங்கிக்கொள்வதற்கு அதன் பொருளியல் அடித்தளத்தை நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1706-1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்து நடைமுறைக்கு வந்த தேசவழமை, உடைமையை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. பிரித்தானியர் ஆட்சியில் 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமையையும் மரபுரிமையையும் மீள ஒழுங்குபடுத்தியது. சீதனம் பெண்ணின் பெயரில் எழுதப்படுவது. அதனாற் பெண்ணுக்கு உடைமையுரிமை உண்டென்று பெருமை கூறுவோர் உளர். ஆயின் மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாதென்னும் விதி அவ்வுரிமையின் எல்லையைக் காட்டிவிடுகின்றது. நிலம் அவள் பெயரில் இருக்கும். அவளோ அந்நிலம் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்திற்குச் செல்லும் வழியாக இருப்பாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனுடன் வேறொன்று சேர்ந்தது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் 1823 இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டை செமினறியும் தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்வி, நீர்வளம் குறைந்த குடாநாட்டின் இளைஞர்க்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவைத் திறந்தது. கொழும்பிலும் பின்னர் மலாயாவிலும் சம்பளம் பெற்ற மாப்பிள்ளைக்கு ஒரு விலை ஏற்பட்டது. படிப்பிக்கச் செலவிட்ட பணத்தைச் சீதனமாகவும் மாப்பிள்ளை வீட்டாருக்கான இனாமாகவும் மீளப் பெறுதல் இயல்பாயிற்று. 1980களின் பின்னர் போரினாற் புலம்பெயர்ந்த மாப்பிள்ளைமார் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தோன்றியபோது அச்சந்தை கடல் கடந்தது. அதன் விதிகள் மாறவில்லை.

இவ்வமைப்பில் ஒருவனின் காதல் அவனுடைய தனிப்பட்ட விடயமாக இருப்பதில்லை. மூன்று குமர் உள்ள வீட்டில் மூத்த மகன் சீதனமின்றி விரும்பியவளை மணப்பானாயின், அவனுக்கு வரவேண்டிய சீதனத்தைக் கொண்டு தங்கையரைக் கரைசேர்க்கும் வழி அடைபடும். மாற்றுச் சம்பந்தம் பேசப்பட்டிருந்தால் அவனோடு இன்னொருத்தியின் வாழ்வும் குலையும். சாதி கடந்த மணமாயின் தங்கையரைக் கேட்டு எவரும் வாரார். ஆகவே "உனக்கென்ன விசரோ?" என்று கேட்கும் தாயைக் கொடியவளாகச் சித்திரிப்பது மலிவான விமர்சனமாகும். அவள் கணக்குத் தெரிந்தவள். அக்கணக்கினாற் பெரிதும் துன்புற்றவளும் அவளே. அவளது குரலில் ஒலிப்பது உடைமை உறவின் குரல். அவ்வுறவு தன்னைத் தாயன்பாகவே வெளிப்படுத்திக்கொள்வதிற்தான் அதன் வலிமை தங்கியுள்ளது.

1848 இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையிலே மார்க்சும் எங்கெல்சும், முதலாளி வர்க்கம் குடும்பத்தை மூடியிருந்த உணர்ச்சித் திரையைக் கிழித்து அதனைப் பண உறவாக்கிவிட்டதென்று கூறினர். யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது சற்று வேறானது. இங்கு பண உறவு திரையின்றியே தொடக்கத்திலிருந்து பேசப்பட்டது. சீதனத் தொகை முற்றத்தில் அமர்ந்து வாய்விட்டுப் பேசப்படும். மறைக்கப்படவேண்டியதாகவும் வெட்கப்படவேண்டியதாகவும் ஆனது உணர்ச்சியே. எங்கெல்ஸ் 1884 இல் எழுதிய குடும்பம் பற்றிய நூலில், திருமணத்திற் பொருளியற் காரணங்கள் முற்றாக நீங்கும்பொழுதே இருவரின் விருப்பம் தவிர வேறு காரணமற்ற மணம் சாத்தியமாகும் என விளக்கினார். அந்நிலை தோன்றாத சமூகத்தில், விருப்பத்தை மட்டும் காரணமாகக் கொண்டு மணக்க முற்படுபவர் நிலவும் அறிவிற்கு எதிராகவே நடக்கின்றார். அவ்வகையில் ஊர் கூறுவது சரியே; அவர் விசர்தான். ஆயின் அவரை விசராக்குவது அவர் உள்ளத்தின் கோளாறன்று, உலகின் ஒழுங்கு.

5

நவீன இலக்கியம் இம்மதிப்பீட்டை எவ்வாறு எதிர்கொண்டது? திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1892 இல் வெளியிட்ட "தத்தை விடு தூது", கிளியைத் தூதுவிடும் பழைய வடிவத்தினுள்ளே பெண்ணின் விருப்பத்திற்கு மாறான கட்டாய மணத்தைக் கண்டித்தது. மூன்றாண்டுகளின் பின் அவர் எழுதிய "மோகனாங்கி" ஈழத்தவர் எழுதிய தொடக்ககால நாவல்களுள் ஒன்று. காதலை வற்புறுத்துவதே பெண்ணுரிமையை வற்புறுத்துவதாக அக்காலத்தில் அமைந்ததை இவை காட்டுகின்றன. 1914 இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய "நொறுங்குண்ட இருதயம்" மறுபக்கத்தைக் காட்டிற்று. ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியர் எனப்படும் அவர், புத்தியாக நடந்தேறிய மணத்தினுள்ளே ஒரு பெண் படும் துன்பத்தைக் கதையாக்கினார். அந்நூலிலே கண்ணீர் மிகுதி. கிறித்தவப் போதனையும் மிகுதி. அதனால் அது மிகையுணர்ச்சி நாவலென எளிதில் ஒதுக்கப்படக்கூடும். ஆனால் அக்கண்ணீர் தன் காரணத்தை அறிந்த கண்ணீர்.

இதற்கு நேர்மாறானது வெகுசனக் கலை பரப்பிய காதல். சரத்சந்திரரின் வங்க நாவலான "தேவதாஸ்" 1917 இல் நூலாகி, 1953 இல் தமிழ்த் திரைப்படமாகவும் வெளிவந்தது. தாடியும் மதுவுமாய்த் திரியும் காதலனுக்கு "தேவதாஸ்" என்பது தமிழிற் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. ஆயின் கதையை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். இரவில் தனியே அவனைத் தேடிவந்து தன்னை ஏற்கும்படி கேட்டவள் பார்வதி. குடும்பத்தின் மானத்தையும் தந்தையின் விருப்பத்தையும் எண்ணி அவளைத் திருப்பியனுப்பியவன் தேவதாஸ். வேண்டிய வேளையில் அவன் விசரனாக இருக்கவில்லை, புத்தியாகவே நடந்தான். ஜமீன் குடும்பத்தின் உடைமையும் மதிப்பும் பாதுகாக்கப்பட்ட பின்னரே அவனது கண்ணீர் தொடங்குகின்றது. எவருக்கும் தீங்கற்ற அக்கண்ணீரைத் தமிழ் இரசிகர் தலைமுறை தலைமுறையாகச் சுவைத்தமை வியப்பன்று. திரையரங்கில் அவனுக்காக அழுத தந்தை, வீட்டிலே மகனை விசரன் என்பதில் முரண்பாடு எதனையும் காண்பதில்லை. சொல்லலாம், செய்யலாகாது என்னும் பழைய மடல் விதியே திரையரங்கிலும் ஆட்சி செய்கின்றது.

இங்கு முற்போக்கு விமர்சனத்தின் நிலைப்பாட்டையும் ஆராய்தல் கடமையாகும். வணிக இலக்கியத்தின் பொய்க் காதலை அது கடுமையாகத் தாக்கியது. அத்தாக்குதல் நியாயமானதே. 1968 இல் வெளிவந்த பேராசிரியர் க. கைலாசபதி அவர்களின் "தமிழ் நாவல் இலக்கியம்" தமிழ்ப் புனைகதையைச் சமூகவியல் அடிப்படையில் நோக்கக் கற்பித்ததன் பயனை எவரும் மறுக்கவியலாது. ஆயின் அம்மரபினைப் பின்பற்றிய சிலர், பொய்க் காதலுக்கும் காதலுக்குமுள்ள வேறுபாட்டை மறந்தனர். போராட்டம் பற்றிய கவிதை சமூகக் கவிதை, காதல் பற்றிய கவிதை தனிமனித உணர்ச்சி என்னும் எளிய பாகுபாடு மேடைகளிலும் மதிப்புரைகளிலும் இடம்பெற்றது. அதன்வழி "விசர்" என்னும் குடும்பத்தின் தீர்ப்பு, "நசிவு" என்னும் விமர்சனத்தின் தீர்ப்பாகப் புது உடை அணிந்து வந்தது. ருசியப் புரட்சியின் பின், 1923 இல், அலெக்சாந்திரா கொலந்தாய் உழைக்கும் இளைஞரை நோக்கி எழுதிய கட்டுரையிலே காதல் தனியார் விடயம் மாத்திரமன்று, சமூகத்தின் அக்கறைக்குரிய ஆற்றலாகும் என வாதிட்டதை அவர்கள் கருத்திற்கொள்ளவில்லை.

இப்பாகுபாட்டின் குறைபாட்டைப் பெண்களின் எழுத்து தெளிவாக்கிற்று. 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட "சொல்லாத சேதிகள்" தொகுதி, பெண்கவிஞர் பதின்மரளவில் ஒருங்கே ஒலித்த முதன் முயற்சியாகும். போர்ச் சூழலில் எழுதப்பட்ட அக்கவிதைகளிலே காதலும் வீடும் அரசியலும் தனித்தனி அறைகளில் இருக்கவில்லை. சீதனத்தை மறுப்பவளும் துணைவனை எதிர்பார்ப்பவளும் ஒடுக்குமுறையை வெறுப்பவளும் ஒருத்தியே. விசரி என்று பெயர் சூட்டப்படக்கூடிய இடத்தில் நின்று பேசியவர்கள் இவர்கள். தொகுதியின் தலைப்பே நமது ஆய்வுக்குப் பொருத்தமானது. சொல்லுதல் ஆணுக்கு அனுமதிக்கப்பட்டுச் செயல் இருவருக்கும் மறுக்கப்பட்டதோர் மரபில், சொல்லுதலே பெண்ணின் செயலாயிற்று.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மிகையுணர்ச்சிக் காதல் என்பதொன்று இலக்கியத்தில் உண்டு. அதனை இனங்காண்பது விமர்சனத்தின் பணி. ஆயின் உணர்ச்சியின் அளவைக்கொண்டு அதனைத் தீர்மானிக்க முயல்வது தவறான வழி. அந்த அளவுகோல் பெருந்திணையை அடியோர்க்கு ஒதுக்கிய கையிலிருந்து, சீதன உறுதி எழுதிய கைக்கு மாறி, நமது கைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பதிலாக இரு வினாக்களை நாம் முன்வைக்கலாம். துன்பத்தின் காரணத்தை அப்படைப்பு அறிந்திருக்கின்றதா? காதலிப்போர் தமது விருப்பத்திற்காக எதனையாவது இழக்கத் துணிகின்றனரா? இவ்விரண்டிற்கும் இல்லையென்று விடை கூறும் படைப்பு, எவ்வளவு அடக்கமாக எழுதப்பட்டிருப்பினும், பொய்யுணர்ச்சியே. ஆம் என விடை கூறுவது எவ்வளவு கண்ணீர் சிந்தினும் மெய்யுணர்ச்சி. இவ்வளவுகோலின்படி தேவதாஸ் வீழ்வான்; "நொறுங்குண்ட இருதயம்" நிற்கும்.

"விசர்" என்னும் சொல்லை மொழியிலிருந்து அகற்றவேண்டும் என்பது நமது கருத்தன்று. சட்டத்தாலோ அறிவுரையாலோ சொற்கள் அகல்வதில்லை; அவற்றைத் தாங்கி நிற்கும் உறவுகள் மாறும்போதே அவை பொருள் மாறுகின்றன. குமரைக் கரைசேர்த்தல் என்னும் சுமை குடும்பத்தின் தோளிலிருந்து நீங்கி, பெண் தன் உழைப்பால் வாழவும் தன் உடைமையைத் தானே ஆளவும் இயலும் நிலை தோன்றும்போது, தாயின் கணக்கும் மாறும். அதுவரை, இளைஞர் இருவரைச் சுட்டி இச்சொல் கூறப்படும் ஒவ்வொரு வேளையிலும், இதனால் எவருடைய கணக்குக் கெடுகின்றது என்று கேட்பது இலக்கிய மாணவராகிய நமது கடமையாகும். வெறியாட்டுப் பாடல்களில் வரும் தோழி செய்தது அதுவே. வேலன் தன் சடங்கைத் தொடங்குமுன், நோய் எதுவென அவள் உரைத்தாள்.